ஹீட் பம்ப்பைக் குறை சொல்லும் முன் குழாயைப் பாருங்கள்

வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்து, தண்ணீரைச் சூடாக்கி அறைகளுக்கு அனுப்பும் மெஷின்தான் ஹீட் பம்ப். ஏப்ரல் சீசன் நெருங்கினால் நுவரெலியாவில் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "புது மெஷின் அண்ணே, மூணு மாசம்கூட ஆகல, ரூம் சூடாகவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் மெஷின் பாவம், ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அது சூடாக்கும் தண்ணீர் அறைக்குப் போய்ச் சேரும் வழிதான் கோணலாக இருக்கும்.

முதல் தவறு குழாயின் அளவு. விறகிலோ டீசலிலோ ஓடும் பொயிலர் தண்ணீரை 70, 80 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்பும். அவ்வளவு சூட்டில் கொஞ்சம் தண்ணீர் ஓடினாலே அறைக்குப் போதும். ஹீட் பம்ப் அனுப்புவது 35 முதல் 50 டிகிரிதான். போகும் தண்ணீருக்கும் திரும்பும் தண்ணீருக்கும் இடையில் ஏறக்குறைய 5 டிகிரி வித்தியாசம்தான் வைப்போம். வித்தியாசம் இவ்வளவு குறைவு என்பதால் தண்ணீர் நிறைய ஓட வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 3 லீற்றர். 8 கிலோவாட் மெஷின் என்றால் நிமிடத்துக்கு 23 லீற்றர்.

இந்த இடத்தில்தான் சுடுதண்ணீருக்குப் போடும் பீபீஆர் பிளாஸ்டிக் குழாய் ஆளை ஏமாற்றும். அதில் எழுதியிருப்பது வெளி அளவு. சுடுதண்ணீருக்கு நாம் வாங்கும் தடித்த ரகத்தில் 25 மில்லிமீற்றர் குழாயின் உள்வாய் 16.6 மில்லிமீற்றர்தான். 32இல் 21.2, 40இல் 26.6. அந்த 23 லீற்றரை 25 குழாயில் தள்ளினால் தண்ணீர் செக்கனுக்கு 1.8 மீற்றர் வேகத்தில் இரையும். 32இல் 1.1 ஆகக் குறையும். 40இல் 0.7தான், சத்தமே கேட்காது. செப்புக் குழாயின் சுவர் மெல்லியது, அதனால் 28 மில்லிமீற்றர் செம்பு ஏறக்குறைய 40 பீபீஆருக்குச் சமம்.

நானும் இதில் மாட்டியவன்தான். நானுஓயாப் பக்கம் ஒரு விடுதியில் 12 கிலோவாட் மெஷின். அதன் வாய் ஒரு இஞ்சி (அங்குலம்). ஹாட்வெயார் கடையில் "ஒரு இஞ்சி" என்று கேட்டு 32 பீபீஆரை வாங்கி, மெஷினிலிருந்து வீடு வரை போக 25 மீற்றர், வர 25 மீற்றர் இழுத்தேன். ஓட்டிப் பார்த்தால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை தண்ணீர் ஓட்டம் போதவில்லை என்று மெஷின் நின்றுவிடும். பெரிய பம்ப் போட்டால் சரியாகிவிடும் என்று அதையும் போட்டேன். சுவருக்குள் இரைச்சல் கூடியது, கரண்ட் பில்லும் கூடியது. கடைசியில் மெயின் குழாய் முழுவதையும் கழற்றி 50 போட்டேன், என் செலவில். சின்னக் குழாய்க்குப் பெரிய பம்ப் மருந்தில்லை.

மலிவு என்று பீவீசி குழாயை யாராவது சிபாரிசு செய்தால் கேட்காதீர்கள். அது குளிர்தண்ணீருக்கு. சூட்டில் இளகி, அழுத்தம் தாங்காமல் மூட்டு விடும். பழைய துரை பங்களாக்களில் இருக்கும் கல்வனைஸ் குழாயோடு செம்பை நேரடியாக முறுக்குவதும் வேண்டாம், சேரும் இடத்தில் இரும்பு அரித்துப்போகும். நடுவில் பித்தளையோ மின்காப்பு யூனியனோ வையுங்கள். பீபீஆர் சூட்டில் நீளும் என்பதும் பலருக்கு நினைவிருக்காது. 10 மீற்றர்ச் சாதாரண பீபீஆர், 40 டிகிரி சூடேறினால் 60 மில்லிமீற்றர் நீளும். கிளிப்பை இறுக்கி அடித்தால் பாம்பாக வளையும். நார் கலந்த ரகத்தில் இது மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

அடுத்தது காற்று. இதை மலையகத்தாருக்கு விளக்கத் தேவையே இல்லை. ஊற்றிலிருந்து பீலிக்கு ஹோஸ் இழுத்தவர்களுக்குத் தெரியும், நடுவில் ஒரு மேட்டில் குழாய் ஏறி இறங்கினால் அங்கே காற்று அடைத்துக்கொள்ளும், பீலியில் சொட்டும் வராது. நம் வீடுகள் சரிவில் இருப்பவை. மெஷின் கீழே, அறை மேலே. வளையைத் தாண்டவும் கதவு நிலையைத் தாண்டவும் குழாயை மேலே ஏற்றி இறக்கிவிடுவார்கள். அப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு உச்சியிலும் காற்று போக்கும் வால்வு வேண்டும். அதைவிட நல்லது, மேடே வராமல் குழாயைக் கொண்டுபோவது. தண்ணீர் நிரப்பும்போது கீழிருந்து மெதுவாக நிரப்புங்கள். அவசரப்பட்டுத் திறந்துவிட்டால் பிறகு இரண்டு நாள் களகளவென்று சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் முதல் காம்பராவில் குழாய் கொட்டும், கடைசிக் காம்பராவில் நூலாக ஒழுகும். அறைகளுக்கும் அதே கதைதான். தண்ணீர் கிட்ட இருக்கும் ரேடியேட்டர் (அறையைச் சூடாக்கும் தகடு) வழியாகவே சுற்றிவிட்டுத் திரும்பிவிடும். கிட்ட இருப்பதின் வால்வைக் கொஞ்சம் மூடி, தூரத்தில் இருப்பதைத் திறந்துவைத்து ஒவ்வொன்றாகச் சரிப்படுத்த வேண்டும். அரை நாள் பிடிக்கும் வேலை. செய்துவிட்டேன் என்று சொல்பவர்கள் அதிகம், செய்தவர்கள் குறைவு.

மழைக்காலத்தில் ஊற்றுத் தண்ணீர் தேநீர் நிறத்தில் வரும். அதையே நிரப்பி, குழாயைக் கழுவாமல் மெஷினை ஓட்டினால் மண்ணும் பீபீஆர் துருவலும் நேரே மெஷினுக்குள் இருக்கும் தகட்டு வெப்பமாற்றிக்குப் போகும். அதன் வழிகள் மிகக் குறுகல், அடைத்தால் கழுவுவது பெரும்பாடு. அதனால் தண்ணீர் மெஷினுக்குத் திரும்பும் குழாயில் வடிகட்டி கட்டாயம். அம்புக்குறி பார்த்து, வலைக்கூடு கீழ்நோக்க, இரு பக்கமும் மூடு வால்வோடு வையுங்கள். வால்வு இல்லாவிட்டால் கழுவ வரும்போதெல்லாம் முழுத் தண்ணீரையும் வடிக்க வேண்டும், அப்புறம் யாரும் கழுவ மாட்டார்கள். குளிக்கும் தண்ணீரையும் சூடேற்றும் தண்ணீரையும் ஒரே குழாயில் கலக்க வேண்டாம். புதுத் தண்ணீரோடு புது ஒக்சிசனும் வந்து இரும்பை அரித்துக் கறுப்புச் சேறாக்கும்.

சூட்டில் விரியும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் விரிவுத் தாங்கியைக் கடையில் கொடுத்தபடியே மாட்டுவது இன்னொரு தவறு. 200 லீற்றர் தண்ணீர் 15இலிருந்து 50 டிகிரிக்குப் போனால் 2 லீற்றருக்கு மேல் விரியும். அந்தக் கூடுதல் தண்ணீருக்கு இடம் கொடுப்பது அதிலுள்ள காற்றுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், வெளிக்காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் 1 பார் (அழுத்த அளவு) காட்டிய தாங்கி இங்கே கேஜில் 1.2 வரை காட்டலாம், குளிர் அதில் கொஞ்சம் குறைக்கும். ஆகவே இங்கே வைத்து, தண்ணீர் நிரப்பும் முன் அளந்து, தேவைக்குச் சரிசெய்யுங்கள். தேவை என்பது, தாங்கிக்கு மேலே குழாய் ஏறும் உயரம் 10 மீற்றருக்கு 1 பார், அதோடு 0.3 பார். பாதுகாப்பு வால்வுக்கும் குழாய்க்கும் நடுவில் எந்த மூடு வால்வும் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே முடியாது.

குழாயை அறையின் தரைக்குள் புதைப்பதென்றால் சீமெந்து போடும் முன் அழுத்தச் சோதனை முடிந்திருக்க வேண்டும். போடும்போதும் குழாயில் அழுத்தம் இருக்கட்டும், யாராவது ஆணி அடித்தால் கேஜ் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சீமெந்துத் தளத்துக்கு மூன்று வாரம் பொறுத்து, 25 டிகிரியில் தொடங்குங்கள். சீசனுக்கு அவசரம் என்று மறுவாரமே 45 வைத்தால் தளம் வெடிக்கும்.

ஜனவரி, பெப்ரவரி அதிகாலையில் புல்லில் உறைபனி படிகிற ஊர் இது. மூடுபனியின் ஈரமும் சேர்ந்தால் வெளியிலுள்ள மெஷினின் கொயிலில் பனி பிடிக்கும். அதை உருக்க மெஷின் வீட்டுத் தண்ணீரிலிருந்தே சூட்டை எடுக்கும். எல்லா அறை வால்வும் மூடிக் கிடந்தால் எடுக்கத் தண்ணீரே இருக்காது, மெஷின் பிழை காட்டி நிற்கும். வராந்தாவுக்குப் போவது போன்ற ஒரு குழாய்ச் சுற்றை எப்போதும் திறந்தே விடுங்கள், அல்லது ஒரு சேமிப்புத் தாங்கி வையுங்கள். வெளிக்குழாய்க்கு ஈரம் உறிஞ்சாத கறுப்பு ரப்பர் உறை நல்லது. ஆனால் மலை வெயிலில் அது பொரிந்துபோகும், மேலே அலுமினியத் தகடு சுற்றுங்கள். வால்வுகளுக்கும் உறை போடுங்கள்.

கடைசியாக, சூட்டை 60இல் வைப்பது. கீசர் பழக்கம். ஒரு டிகிரி குறைத்தால் மின்சாரம் சுமார் 2 சதவீதம் மிஞ்சும். குளிக்கும் தாங்கியை மட்டும் வாரம் ஒரு தடவை கிருமிக்காக 60க்கு ஏற்றினால் போதும். அறைக்கு 35இல் தொடங்கி, குளிர்ந்தால் இரண்டிரண்டாக ஏற்றுங்கள். எல்லாம் சரியாக ஓடும் முதல் நாளிலேயே குளிர்ந்த நிலையின் பார், போகும் தண்ணீரின் டிகிரி, திரும்பும் தண்ணீரின் டிகிரி மூன்றையும் மார்க்கர் பேனாவால் மெஷின் பக்கத்துச் சுவரில் எழுதிவையுங்கள். அடுத்த வருஷம் என்னைக் கூப்பிட்டால் முதலில் அதைத்தான் கேட்பேன்.