வீட்டுக்குள் வைக்கும் விறகு பாய்லர்: பட்ஜெட்டுக்குள் தேர்ந்தெடுப்பது எப்படி?

விலைப்பட்டியலில் மலிவாக இருப்பதைப் பார்த்து முதலில் பாய்லரை வாங்கிவிட்டு, மற்றதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்குபவர்கள்தான் அதிகம் செலவு செய்கிறார்கள். புகைபோக்கி, வெந்நீராக வெப்பத்தைச் சேமித்து வைக்கும் டேங்க், வால்வுகள், பம்ப், குழாய் வேலை எல்லாம் சேர்ந்தால் பாய்லரின் விலையை நெருங்கிவிடும். அதனால் இங்கே வரிசையைத் திருப்பிப் போட்டிருக்கிறோம். பாய்லர் கடைசியில்தான் வரும்.

இந்தப் பாய்லர் விறகை எரித்துத் தண்ணீரைச் சூடாக்கும். அந்த வெந்நீரை பம்ப், அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்கோ தரைக்கடியில் பதித்த குழாய்களுக்கோ தள்ளும். அறையை நேராகச் சூடாக்கும் விறகு அடுப்பு வேறு வகை. அந்தக் கணக்கு இதற்குப் பொருந்தாது.

படி 1: வீட்டின் தேவையைக் கணக்கிடுங்கள்

குளிர் மிகக் கடுமையாக இருக்கும் நாளில் வீடு இழக்கும் வெப்பம்தான் அடிப்படை. தோராயமாக, வெப்பம் வெளியேறாதபடி சுவரும் கூரையும் நன்றாகக் காப்பிடப்பட்ட வீட்டுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 50 வாட், நடுத்தரமான வீட்டுக்கு 80 வாட், ஜன்னல் இடுக்கெல்லாம் காற்று வரும் பழைய வீட்டுக்கு 100 முதல் 120 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். குளிர் அதிகமுள்ள ஊர்களில் இது கூடும். அறை அறையாகக் கணக்குப் போட ஒரு ஹீட்டிங் பொறியாளர் கிடைத்தால் அந்தக் கூலியை யோசிக்காமல் கொடுங்கள்.

100 சதுர மீட்டர், நடுத்தரக் காப்பு என்றால் 8 கிலோவாட். ஒரு நாளைக்கு 8 × 24 = 192 யூனிட். மின்சாரக் கட்டண ரசீதில் வரும் அதே யூனிட்தான்.

படி 2: எந்த வகை என்று முடிவு செய்யுங்கள்

சாதாரண பாய்லரில் விறகு ஒரே அறையில் எரியும். விறகிலுள்ள வெப்பத்தில் 55 முதல் 70 சதவீதம் வரை தண்ணீருக்குப் போகும். கேசிஃபிகேஷன் பாய்லரில் இரண்டு அறைகள். மேலறையில் விறகு வெந்து வாயுவை விடும்; மின்விசிறி அந்த வாயுவை செராமிக் துளை வழியாகக் கீழறைக்கு இழுத்து, 1,000 டிகிரி அளவுக்கு உயரும் வெப்பத்தில் எரிக்கும். 85 சதவீதத்துக்கு மேல் வெப்பம் கைக்கு வரும், புகையும் மிகக் குறைவு.

நன்றாகக் காய்ந்த விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். மேலே சொன்ன வீட்டுக்கு, அந்த நாளில், 60 சதவீதத் திறனுள்ள பாய்லருக்கு 80 கிலோ விறகு வேண்டும். 85 சதவீதம் என்றால் 56 கிலோ போதும். விறகைக் காசு கொடுத்து வாங்குபவர் கேசிஃபிகேஷன் பக்கம்தான் போக வேண்டும் என்பது எங்கள் கருத்து. சொந்த நிலத்தில் விறகு தாராளமாகக் கிடைப்பவருக்குச் சாதாரண வகையும் டேங்கோடு சேர்த்தால் நன்றாகவே உழைக்கும். ஆனால் புகை அளவுக்குச் சட்டக் கட்டுப்பாடு உள்ள இடங்களில் சாதாரண வகைக்கு அனுமதி கிடைக்காமல் போகலாம். முன்பணம் கட்டும் முன் உள்ளாட்சி விதியையும் வீட்டுக் காப்பீட்டு நிபந்தனையையும் பாருங்கள். ஐரோப்பியத் தரமான ஈஎன் 303-5-இல் 5-ஆம் வகுப்புச் சான்று இருந்தால் அது நல்ல அடையாளம்.

படி 3: டேங்கின் அளவு

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிய பாய்லரை வாங்கி, டேங்க் இல்லாமல் மாட்டினால் என்ன ஆகும்? தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். தெர்மோஸ்டாட் காற்றை அடைத்துவிடும். தீ அணையாது, புகைந்துகொண்டே கிடக்கும். எரியாத வாயு புகைபோக்கியின் உட்சுவரில் குளிர்ந்து, கறுப்பாகப் பளபளக்கும் தாராகப் படியும். ஒரு நாள் அந்தத் தார் தீப்பிடித்தால் புகைபோக்கியே எரியும்.

டேங்க் இருந்தால் பாய்லர் முழு வேகத்தில் எரிந்து முடிக்கும், மிச்ச வெப்பம் தண்ணீரில் சேமிப்பாகும். மேலே சொன்ன 56 கிலோவில் பாதியை, அதாவது 28 கிலோ விறகை, ஒரு முறை நிரப்பினால் 28 × 4 × 0.85 = சுமார் 95 யூனிட். 25 கிலோவாட் பாய்லர் இதை நான்கு மணி நேரத்தில் எரித்துவிடும். அதற்குள் வீடு எடுத்துக்கொள்வது 32 யூனிட், மிச்சம் 63. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் 46 யூனிட் பிடிக்கும். ஆக 63 யூனிட்டுக்கு சுமார் 1,400 லிட்டர் வேண்டும். 1,500 லிட்டர் டேங்க் எடுங்கள். அந்தச் சேமிப்பு அடுத்த எட்டு மணி நேரத்துக்கு வரும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மூட்டினால் நாள் முடிந்தது.

டேங்க் வாசலில் நுழையுமா என்று அளந்துகொள்ளுங்கள். நிரம்பினால் ஒன்றரை டன்னுக்கு மேல் கனக்கும். தரை தாங்க வேண்டும். அவ்வளவு தண்ணீர் சூடாகும்போது 50 லிட்டருக்கு மேல் பெருகும் என்பதால், மூடிய அமைப்பில் அந்தப் பெருக்கத்தை வாங்கிக்கொள்ளும் எக்ஸ்பான்ஷன் டேங்க் 150 லிட்டராவது இருக்கட்டும்.

படி 4: கை வைக்கக்கூடாத செலவுகள்

வீட்டைச் சுற்றிவிட்டுப் பாய்லருக்குத் திரும்பி வரும் தண்ணீரை 60 டிகிரிக்குக் குறையாமல் வைக்கும் கலவை வால்வு கட்டாயம். குளிர்ந்த தண்ணீர் நேராகப் பாய்லருக்குள் போனால் புகையின் ஈரம் உட்சுவரில் வியர்த்து, இரும்பை அரித்துவிடும். நல்ல பாய்லர்கூடச் சில வருடங்களில் ஓட்டையாவது இதனால்தான்.

கரண்ட் போனால் பம்ப் நிற்கும், உள்ளே தீ நிற்காது. அதற்காக, 95 டிகிரி தாண்டியதும் தானே திறந்து, பாய்லரைக் குளிர்விக்கும் சுருள் குழாய்க்குள் குழாய்த் தண்ணீரை ஓடவிடும் வெப்ப வால்வு வேண்டும். குழாய்த் தண்ணீரே மோட்டாரை நம்பி வருவதாக இருந்தால் மேல்நிலைத் தொட்டியிலிருந்து இணைப்புக் கொடுங்கள். அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் சேஃப்டி வால்வுக்கும் பாய்லருக்கும் நடுவே எந்த அடைப்பு வால்வையும் வைக்காதீர்கள்.

புகைபோக்கி பாய்லருக்கென்று தனியாக இருக்க வேண்டும், பாய்லரின் புகைவாயைவிடக் குறுகக் கூடாது. பழைய செங்கல் புகைபோக்கி என்றால் உள்ளே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்குங்கள். பாய்லர் அறைக்கு வெளிக்காற்று வர நிரந்தரத் திறப்பு, கார்பன் மோனாக்சைடு அலாரம் இரண்டும் முதல் தீ மூட்டும் முன்பே இருக்க வேண்டும்.

படி 5: இப்போது பாய்லர்

விறகறையின் கொள்ளளவைக் கேளுங்கள். 28 கிலோ அடுக்க 100 முதல் 120 லிட்டர் வேண்டும். மலிவு மாடல்கள் பெரும்பாலும் இங்கேதான் குறைத்திருப்பார்கள். ஆழம் எவ்வளவோ அதைவிட 5 செ.மீ. குறைவாக விறகை வெட்ட வேண்டும் என்பதால், 50 செ.மீ. விறகு பிடிக்கும் அறை வெட்டுக்கூலியையும் குறைக்கும். விறகறைத் தகடு 5 அல்லது 6 மி.மீ. இருக்கட்டும். சாம்பல் அள்ளவும் வெப்பக் குழாய்களைச் சுரண்டவும் கை எட்டுமா என்று கதவைத் திறந்து பாருங்கள்.

விறகின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஈரம் அளக்கும் மீட்டரை வெளிப்பட்டையில் குத்தினால் ஏமாற்றும். கட்டையைப் பிளந்து, புதிதாகத் திறந்த முகத்தில் குத்துங்கள். கெட்டியான மரமென்றால் பிளந்து அடுக்கிய பிறகு இரண்டு வருடம் காய விட வேண்டும்.

பழைய பாய்லர் வாங்குவதானால் மூன்று சோதனை. கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு இடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிறு போயிருக்கிறது, அது சின்னச் செலவு. கதவே வளைந்திருந்தால் அந்தப் பாய்லரை விட்டுவிடுங்கள். அடுத்து டார்ச் அடித்து, சாம்பல் படியும் கீழ் மூலைகளில் அரிப்புக் குழிகளும் வெல்டிங் ஒட்டுகளும் இருக்கின்றனவா என்று தேடுங்கள். கடைசியாக, தண்ணீர் நிரப்பி இயங்கும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். காற்றை ஏற்றிச் சோதிக்காதீர்கள்; வெடித்தால் ஆளை அடிக்கும். அழுத்த மீட்டரின் முள் இறங்கினால், விலை எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் அந்தப் பாய்லர் வேண்டாம்.