ஃபாரன்சிக்ஸ் கத்துக்கறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்: முதல்ல கடிகாரத்தப் பாருங்க

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் காலேஜ் முடிச்ச பசங்க நிறைய பேர் இப்ப டிஜிட்டல் ஃபாரன்சிக்ஸ், அதாவது கம்ப்யூட்டர்ல நடந்த தப்புக்குத் தடயம் தேடற வேலை, கத்துக்கறேன்னு வர்றாங்க, சந்தோஷம்தான், ஆனா நாங்க ஆரம்பத்துல அடிச்ச அதே கூத்த வரிசை மாறாம அடிக்கறாங்க. ஃபார்மேட் பண்ணாத, ஒரிஜினல் டிஸ்க்ல கை வைக்காத, இதெல்லாம் எந்த யூடியூப் வீடியோலயும் சொல்லிருவாங்க. அத விட்டுடறேன்.

லாக்ல, அதாவது கம்ப்யூட்டர் தானா எழுதிக்கற பதிவேட்டுல, இருக்கற நேரத்த அப்படியே நம்பறது

இத நெனச்சா இன்னும் கடுப்பாகுது. மன்னார்குடி பக்கம் ஒரு ரைஸ் மில், தை மாசம், சம்பா அறுப்பு நேரம், ராத்திரி ஒன்பது வரைக்கும் ஆபீஸ் தொறந்திருக்கும். டேலி கணக்கு சாஃப்ட்வேர் ஓடுற கம்ப்யூட்டர்ல யாரோ பூந்து சில பார்ட்டிங்களோட பேங்க் அக்கவுண்ட் நம்பர மாத்திட்டாங்க. பாக்கப் போன தம்பி புதுசு. செக்யூரிட்டி லாக எடுத்து ஒரு டூல்ல போட்டு சிஎஸ்வி, அதாவது எக்செல்ல தொறக்கற பட்டியல், ஆக்கி, 4624, அதாவது லாகின் ஆன பதிவு, 20:10க்கு இருக்குன்னு பாத்துட்டு நேரா முதலாளிகிட்ட போயி "சார், ராத்திரி எட்டு பத்துக்கு அக்கவுண்ட்ஸ் அக்கா லாகின்லதான் நடந்திருக்கு"ன்னுட்டான். எட்டு பத்துக்கு அந்த அக்கா சீட்லதான் இருந்தாங்க. அப்பறம் என்ன, லோடுமேனுங்க எல்லாம் பாக்க முதலாளி கத்த, அவங்க அழுதுகிட்டே வீட்டுக்குப் போயிட்டாங்க.

விண்டோஸ் லாக் நேரத்த யூடிசியில, அதாவது உலகப் பொது நேரத்துலதான் வச்சிருக்கும். விண்டோஸ்ல லாக் பாக்கற ஈவென்ட் வியூவர்ல தொறந்தா நீங்க பாக்கற மெஷினோட டைம்ஸோனுக்கு மாத்திக் காட்டும், சிஎஸ்வி எடுக்கற டூல் பல சமயம் யூடிசியவே துப்பும். நம்ம நேரம் அதுக்கு 5:30 மணி முன்னால. ஆக 20:10னா நம்மூர்ல நடுராத்திரி தாண்டி 1:40, அந்நேரம் மில்லுல வாட்ச்மேன தவிர ஈ காக்கா கிடையாது. அதே பதிவுல லாகான் டைப் 10னு இருந்துச்சு, அது ரிமோட் டெஸ்க்டாப்ல, அதாவது வேற எங்கயோ இருக்கற கம்ப்யூட்டர்லேந்து வந்தது, முன்னாடி உக்காந்து லாகின் பண்ணா 2னு வரும். கூடவே வெளிநாட்டு ஐபி அட்ரஸ். ஆடிட்டர் ஆபீஸ் வசதிக்காக ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப்புக்கான 3389 போர்ட்ட தொறந்து விட்டு, அக்காவோட பாஸ்வேர்டையே குடுத்து வச்சிருந்திருக்காங்க. லாகான் டைப்பும் ஐபியும் அதே பதிவுல இருக்கு, தம்பி நேரத்த மட்டும் படிச்சிருக்கான். முதலாளி பின்னாடி ஆள் விட்டுக் கூப்பிட்டாரு, அக்கா வரல. நானா இருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

5:30 கூட்டிட்டா வேலை முடிஞ்சிருச்சுன்னும் நெனக்காதீங்க. அசெம்பிள் பண்ண சிஸ்டம் சிலதுல டைம்ஸோன அமெரிக்காவோட பசிபிக் நேரத்துலயே விட்டுட்டு, மணிய மட்டும் கையால நம்ம நேரத்துக்குத் திருப்பி வச்சிருப்பாங்க. ஸ்க்ரீன்ல எல்லாம் சரியா தெரியும், உள்ள பதியற யூடிசி பன்னெண்டரை இல்லன்னா பதிமூணரை மணி நேரம் தப்பா இருக்கும். விண்டோஸ் செட்டிங்ஸ சேத்து வைக்கற ரெஜிஸ்ட்ரில டைம்ஸோன்இன்ஃபர்மேஷன் கீய பாக்காம இது புடிபடாது. எஃப்ஏடி32 ஃபார்மேட்ல இருக்கற பென்டிரைவ் ஃபைல் நேரத்த லோக்கல் டைம்லயே வச்சிருக்கும், என்டிஎஃப்எஸ் ஃபார்மேட் டிஸ்க் யூடிசில. சிசிடிவி டிவிஆர் தனி உலகம், அது என்ன மணி காட்டுதுன்னு உங்க ஃபோனோட வச்சு ஒரு ஃபோட்டோ எடுத்துக்கங்க. 2022 ஏப்ரல்ல செர்ட்-இன், அதாவது மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு, போட்ட உத்தரவே சிஸ்டம் கடிகாரத்த என்ஐசி இல்லன்னா என்பிஎல்ங்கற அரசு நிறுவனங்களோட டைம் சர்வரோட ஒத்து வைக்கச் சொல்லுது, நம்ம மில்லு, மண்டில அத யாரு பாக்கறா.

லாக அப்பறம் எடுத்துக்கலாம்ங்கறது

செக்யூரிட்டி லாக் சும்மா விட்டா 20 எம்பிதான், நெறஞ்சா பழசு மேலயே எழுதிக்கும். 3389 தொறந்திருக்கற மெஷின்ல தப்பு பாஸ்வேர்ட் பதிவு, அந்த 4625, கொட்டிகிட்டே இருக்கும். உங்களுக்கு வேண்டிய வரி சாயங்காலம் இருக்காது. அதே செர்ட்-இன் உத்தரவுப்படி கம்பெனிங்க 180 நாள் லாக் வச்சிருக்கணும், சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள செர்ட்-இன்னுக்குச் சொல்லணும்.

லாகின் பேர ஆளுன்னு எழுதறது

எழுதாதீங்க.

எஃப்ஏடி32 பென்டிரைவ்ல ரேம் எடுக்கறது

ரேம், அதாவது ஓடிகிட்டிருக்கற மெஷினோட தற்காலிக நினைவு, காப்பி எடுத்தா பெரிய ஃபைலா வரும். எஃப்ஏடி32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா ஏறாது, பென்டிரைவ எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்ல போட்டுட்டுப் போங்க. யூபிஎஸ் பேட்டரி தாங்குமான்னும் கேட்டுக்கங்க, கரண்ட் போனா ரேமும் போச்சு.

ஹேஷ அப்பறம் போடறது

2024 ஜூலை 1லேந்து எவிடென்ஸ் ஆக்ட் போயி பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்தாச்சு, மின்னணு ஆதாரத்தோட குடுக்கற 63வது பிரிவு சர்டிபிகேட்ல ஹேஷ் மதிப்ப, அதாவது ஃபைலோட கைரேகை மாதிரி ஒரு எண்ண, கேக்கறாங்க. டிஸ்கோட முழு காப்பி, அந்த இமேஜ், எடுத்த கையோட எஸ்எச்ஏ256 ஹேஷ் போட்டு, எத்தன மணிக்குன்னும் எழுதுங்க. பக்கத்துல ஐஎஸ்டியா, அதாவது நம்ம நேரமா, யூடிசியான்னு.