பழைய கார் வாங்கினீர்களா? ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள்

செகண்ட் ஹேண்ட் கார் வாங்கும்போது டயர், என்ஜின், பேப்பர் எல்லாம் பார்ப்போம். ரீகால் வேலை, அதாவது தயாரிப்பில் இருந்த குறையைச் சரிசெய்ய கார் கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்துச் செய்யும் வேலை, பாக்கி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுவோம். கம்பெனி அனுப்பும் ரீகால் கடிதம் பழைய உரிமையாளரின் முகவரிக்கே போயிருக்கலாம் என்பதால், நீங்களே தேடிப் பார்ப்பதுதான் நல்லது.

பதிவுச் சான்றிதழிலும் வண்டியிலும் 17 இலக்க சேஸிஸ் நம்பர் இருக்கும். அதைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் ரீகால் பகுதியில் போட்டுப் பாருங்கள். அந்த நம்பரில் ஐ, ஓ, கியூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம், ஐ போலத் தெரிந்தால் ஒன்று.

பாக்கி இருந்தால் அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். வாரண்டி முடிந்திருந்தாலும், நீங்கள் மூன்றாவது உரிமையாளராக இருந்தாலும், பாதுகாப்பு ரீகால் வேலைக்குப் பொதுவாகக் கட்டணம் கிடையாது. காசு கேட்டால் நேரடியாகக் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குப் பேசுங்கள்.

ஏர்பேக் ரீகால் என்றால் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டகாடா என்ற ஜப்பானிய நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளில் வெப்பமும் ஈரப்பதமும் வருடக்கணக்கில் சேர்ந்து உள்ளேயிருந்த வெடிபொருளைக் கெடுத்தன. விபத்தில் விரியும்போது உலோகத் துண்டுகள் சிதறி உயிர்கள் போயின. வண்டி பழசாக ஆக ஆபத்து கூடும் ரகம் அது. ‘சரிசெய்யும் வரை ஓட்டாதீர்கள்’ என்று கம்பெனி சொல்லியிருந்தால் பக்கத்துத் தெருவுக்குக்கூட எடுக்க வேண்டாம், வண்டியை இழுத்துச்செல்ல ஏற்பாடு செய்வார்களா என்று கேளுங்கள்.

பார்ட்ஸ் வரவில்லை என்றால் காத்திருப்போர் பட்டியலில் பெயரையும் உங்கள் இப்போதைய முகவரியையும் பதிந்துவிடுங்கள். வேலை முடிந்ததும் ரீகால் எண் குறித்த ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.