ரிப்போர்ட்ல பார்கோடு போடணுமா, லைப்ரரி எடுக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரிக்கு டிரம் லேபிள் ரிப்போர்ட் எழுதிக் கொடுத்தேன், ஸ்கிரீன்ல பாத்தா பளிச்சுனு இருந்துச்சு, ஃபோன்ல காட்டினா டக்குனு படிச்சுச்சு, ஆனா லோடு ஏத்துற எடத்துல ஸ்கேனர் பத்துக்கு மூணு கூட பீப் அடிக்கல. பெங்களூரா மாம்பழ சீசன் உச்சத்துல இருக்கு, லாரிக்காரர் என்னையே பாக்குறாரு.

காரணம் இதுதான். லேபிள் பிரிண்டர் 203 டிபிஐ, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளி. நான் கொடுத்த கோட்டு அகலம் 0.33 மில்லிமீட்டர், கணக்கு போட்டா 2.64 புள்ளி வரும், பிரிண்டரால அரைகுறை புள்ளி அடிக்க முடியுமா, ஒரு கோடு 2 புள்ளி இன்னொன்னு 3 புள்ளின்னு அடிச்சு விட்டுருச்சு. 0.375ன்னு மாத்தினேன், சரியா 3 புள்ளி, அன்னைக்கே வேலை முடிஞ்சுது. அதனால லைப்ரரி, அதாவது பார்கோடு வரைஞ்சு கொடுக்குற ரெடிமேட் ப்ரோக்ராம், எடுக்குறப்ப ஒல்லியான கோட்டோட அகலத்த நம்மளே செட் பண்ண விடுறதா பாருங்க. இசட்எக்ஸிங் மாதிரி சிலதுல மொத்த அகலத்த பிக்சல்ல கொடுக்கணும், அது உள்ளுக்குள்ள ஒழுங்கா பிரிச்சுக்கும், ஆனா வர்ற படத்த ரிப்போர்ட் டிசைனர் பெட்டிக்கு ஏத்த மாதிரி இழுத்துட்டா மறுபடி அதே கதைதான். எஸ்விஜி (புள்ளியா இல்லாம வடிவமா சேமிக்கிற படம்) கொடுக்குற லைப்ரரின்னா இழுத்தாலும் மங்காது, ஆனா அகல கணக்கு அப்பவும் நம்ம பாடு. ஜேபெக் பக்கமே போகாதீங்க.

எந்த வகை பார்கோடு? கடையில விக்கிற பாக்கெட்டுன்னா 13 நம்பர் இருக்குற இஏஎன்-13, உள்ளுக்குள்ள பேட்ச் நம்பருக்கு கோட் 128, இந்த ரெண்டுலயே முக்கால்வாசி வேலை முடிஞ்சுரும். எக்ஸ்போர்ட்காரங்க ஜிஎஸ்1-128 (கோட் 128லயே ஒரு வகை) கேட்டா லைப்ரரி ஆரம்பத்துல எஃப்என்சி1ங்கிற அடையாளக் குறி போடுதான்னு பாருங்க, (01) மாதிரி நம்பர சுத்தி இருக்குற அடைப்புக்குறி எல்லாம் கீழ நாம படிக்கறதுக்கு மட்டும்தான், பார்கோடுக்குள்ள போகக்கூடாது.

ஜாவாவும் ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸும்னா (ரிப்போர்ட் செய்யுற டூல்) பார்கோடு4ஜே லைப்ரரிக்கு அதுலயே சப்போர்ட் இருக்கு, வேற தேட வேணாம். ப்ரவுசர்ல போடணும்னா ஜேஎஸ்பார்கோடு லேசா இருக்கும் ஆனா க்யூஆர் வராது, அதுவும் வேணும்னா பிவிப்-ஜேஎஸ். ரெண்டுமே எம்ஐடி லைசென்ஸ், விக்கிற சாஃப்ட்வேர்லயும் காசில்லாம போட்டுக்கலாம். பிடிஎஃப் செய்யுற ஐடெக்ஸ்ட்லயும் பார்கோடு இருக்கு, நல்லாவும் இருக்கு, ஆனா ஏஜிபிஎல் லைசென்ஸ், சோர்ஸ் கொடுக்காம சாஃப்ட்வேர் விக்கிறவங்க காசு கொடுத்து தனி லைசென்ஸ் வாங்கணும், இத கடைசியில கண்டுபிடிச்சு தலையில கை வச்சவங்கள பாத்திருக்கேன்.

ஒரு சின்ன டெஸ்ட். இஏஎன்-13க்கு 890123456789ன்னு 12 நம்பர் கொடுங்க, சரிபார்க்குற 13வது நம்பரா கடைசியில 0 தானா வரணும். அப்புறம் வேணும்னே கடைசி நம்பர 5ன்னு மாத்தி 13 நம்பரா கொடுங்க, எர்ரர் அடிக்கணும். சத்தமில்லாம படம் போட்டு கொடுக்குற லைப்ரரிய நான் எடுக்க மாட்டேன்.

ரெண்டு பக்கமும் வெள்ளை இடம் விடுங்க, கோட் 128க்கு ஒல்லி கோட்டுல 10 மடங்கு வேணும், டேபிள் பார்டர ஒட்டி வச்சா படிக்காது. பிரிண்ட் பண்றப்ப ஃபிட் டு பேஜ் டிக்க எடுத்துருங்க. ஃபோன்ல மட்டும் செக் பண்ணாதீங்க, ஃபோன் கேமரா கோணலா இருந்தாலும் படிச்சுரும், குடோன்ல இருக்குற அந்த பழைய ஸ்கேனரையே கொண்டு வரச் சொல்லி இருபது லேபிள் அடிச்சு பாருங்க.