ஒன்பதாம் அத்தியாயத்துச் சண்டை

என் காதல் நகைச்சுவை நாவலில் ஒன்பதாம் அத்தியாயம்தான் உச்சம். மழையில் நின்றுபோன டவுன் பஸ்ஸுக்குள் கவிதாவும் முரளியும் சண்டை போட வேண்டும், படிப்பவர் சிரிக்க வேண்டும். பதினோரு நாள் எழுதியும் சிரிப்பே வரவில்லை.

வசனம்தான் தட்டை என்று நினைத்து, கண்டக்டருக்கு நாலு ஜோக் கொடுத்தேன். சிரிப்பு அவர் பக்கம் போய்விட்டது. சண்டையைக் கல்யாணப் பந்திக்கு மாற்றினேன். அதுவும் வீண்.

அப்புறம், எழுத்து சிக்கும்போதெல்லாம் நான் எடுக்கும் ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலைப் பிரித்தேன். மொத்தம் 61 அத்தியாயம். 34இல் டார்சி காதலைச் சொல்கிறான், எலிசபெத் மறுக்கிறாள். பேச்சில் மரியாதை குலையாமலே அடி விழுகிறது.

மரியாதை! என் கோப்பில் ‘நீ’ என்று தேடினேன். நீளம், நீலம், நீர் எல்லாம் வந்து நின்றன. சரி என்று ‘உன்’ போட்டுத் தேடினேன். ஆறாம் அத்தியாயத்தில், டீக்கடையில், கவிதா சாதாரணமாகக் கேட்கிறாள்: “உன்கிட்ட அஞ்சு ரூபா இருக்கா?” ‘வாங்க, போங்க’ அங்கேயே உடைந்துவிட்டது. ஒன்பதில் உடைய என்ன மிச்சம்?

எட்டு வரை எல்லாவற்றையும் ‘உங்க’ ஆக்கினேன். வினைமுற்றையும் பார்க்க வேண்டும். ‘வந்தியா’ இரண்டு இடத்தில் ஒளிந்திருந்தது. இப்போது பஸ்ஸில்தான் அவள் முதல்முறையாக “நீ இறங்கு!” என்று கத்துகிறாள். முரளி இறங்கவில்லை. “இப்ப என்னை என்னன்னு கூப்பிட்டீங்க?” என்கிறான்.

கண்டக்டரின் ஜோக்குகளை எடுத்துவிட்டேன். அன்று இரவே அத்தியாயம் முடிந்தது. அப்பாடா!