பாராசூட் வீரரின் போர்க்கால ஆல்பம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப்போர் காலத்து அமெரிக்க ராணுவ ஆல்பங்களை ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பது யார், எந்த ஊர், எந்த மாதம் என்று கண்டுபிடித்து எழுதிவைப்பது என் வேலை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களும், தாத்தாவின் ஆல்பத்தை வீட்டிலேயே ஸ்கேன் செய்ய உட்காருகிற பேரப்பிள்ளைகளும் திரும்பத் திரும்ப அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையைக் கழுவிக்கொள்வது, காபியைத் தள்ளிவைப்பது எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நஷ்டம் வேறு இடத்தில் நடக்கிறது.

ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்த்தெடுப்பது

இதைப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

அமெரிக்கப் பாராசூட் படையான 101-ஆவது ஏர்போர்ன் டிவிஷனில் இருந்த ஒருவரின் குடும்பத்தார் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறையப் படங்கள் கொண்டுவந்தார்கள். கறுப்புத்தாள் ஆல்பத்தில் ஒட்டியிருந்தவற்றை பிளேடு வைத்துக் கிளப்பி, அளவுவாரியாக அடுக்கியிருந்தார்கள். ஆல்பம் எங்கே என்று கேட்டேன். பூச்சி அரித்த அட்டைதானே என்று தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அந்தக் கறுப்புத்தாளில்தான் வெள்ளைப் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதியிருப்பார்கள்.

அதில் ஒரு படம். கூடாரத்துக்கு முன்னால் நான்கு பேர், கால்சட்டையை பூட்ஸுக்குள் செருகிக்கொண்டு நிற்கிறார்கள். திருப்பிப் பார்த்தால் பென்சில் எழுத்து. ‘கம்பெனி’ (ரெஜிமென்ட்டுக்குள் இருக்கும் சிறு படைப்பிரிவு) என்பதன் ஆங்கிலச் சுருக்கம் தெரிகிறது. அதை அடுத்து எந்தக் கம்பெனி என்று சொல்லும் ஒற்றை எழுத்து இருந்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பசையோடு பிய்ந்து வந்த கறுப்புத்தாள் ஒட்டிக்கிடக்கிறது.

அந்த ஓர் எழுத்து ஏன் அவ்வளவு முக்கியம்? 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸில் இருந்த ராணுவப் பணியாளர் ஆவணக் காப்பகத்தில் தீப்பிடித்தது. 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையே தரைப்படையிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் போயிற்று. இந்த வீரருடையதும் அதில் ஒன்று. டிஸ்சார்ஜ் தாளை நம்பலாம் என்றால், அதில் இருப்பது கடைசி யூனிட்தான். 1945-இல் ஊர் திரும்பும் நேரத்தில் வேறு யூனிட்டுக்கு மாற்றப்பட்டவர்கள் ஏராளம்.

மிஞ்சியிருப்பது ஒவ்வொரு கம்பெனியும் அன்றாடம் எழுதிய காலை அறிக்கைகள். யார் வந்தார், யாருக்குக் காயம், யார் ஆஸ்பத்திரிக்குப் போனார் என்று நாள்வாரியாக அதில் இருக்கும். ஆனால் அவை கம்பெனிவாரியாகத்தான் கிடைக்கும். 506-ஆவது ரெஜிமென்ட் என்று மட்டும் தாத்தா சொல்லியிருந்தார். ஒரு ரெஜிமென்ட்டில் ரைஃபிள் கம்பெனிகளே ஒன்பது. அத்தனையிலும் ஒற்றைப் பெயரைத் துழாவ வேண்டியதாயிற்று.

போனது எழுத்து மட்டும் இல்லை, வரிசையும்தான். டொக்கோவா பயிற்சி முகாமில் மலையேறி ஓடியது, குதிக்கப் பழகிய ஃபோர்ட் பென்னிங்கின் 250 அடிக் கோபுரம், இங்கிலாந்தின் ஆல்ட்போர்ன் கிராமம், பிரான்ஸின் மூர்மெலான் முகாம் என்று அவர் அடுக்கிவைத்த ஒழுங்கே ஒரு சாட்சி. காலி இடத்துக்கும் அர்த்தம் உண்டு. வேறொரு ஆல்பத்தில், படத்தின் மூலைகளைச் செருகிவைக்கும் நான்கு மூலை ஒட்டுகள் மட்டும் இருந்தன, நடுவில் படம் இல்லை. கீழே ஒரு பெயரும் ‘பாஸ்டோன்’ என்ற பெல்ஜிய ஊரும். பெயரைப் பிடித்துக்கொண்டு தேடியதில், அவர் 1944 டிசம்பரில் அங்கே இறந்த நண்பர் என்று தெரிந்தது.

ஆகவே முதலில் அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கம் உட்பட, பக்கம் பக்கமாகப் படம் எடுங்கள். பிறகு படங்களை இருந்த இடத்திலேயே 600 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள்; சின்னப் படங்களுக்கு 1200 வையுங்கள். மூலை ஒட்டில் இருந்தால் ஒவ்வொன்றாக உருவி, பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்து உடனே திருப்பி வையுங்கள். பசையில் இருந்தால் தொடவே தொடாதீர்கள்.

பால்பாயின்ட் பேனாவால் பின்னால் எழுதுவது

கூடாது. மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல்.

பாராசூட் தெரிந்தாலே நார்மண்டி என்று எழுதுவது

பிரான்ஸின் நார்மண்டியில் அமெரிக்கப் பாராசூட் படை குதித்தது 1944 ஜூன் 5 நள்ளிரவைத் தாண்டி, இருட்டில். பட்டப்பகலில் வானம் நிறையப் பாராசூட் தெரிந்தால் பயிற்சியாக இருக்கலாம், செப்டம்பர் 17 அன்று ஹாலந்தில் குதித்ததாக இருக்கலாம், 1945 மார்ச் 24 அன்று ரைன் நதியைத் தாண்டியதாகவும் இருக்கலாம். விமானத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை இருந்தால் அது 1944 ஜூனுக்கு முந்தைய படம் அல்ல. அந்தப் பட்டைகளைப் படையெடுப்புக்குச் சற்று முன்னால்தான் பூசினார்கள். சட்டையையும் பாருங்கள். நெஞ்சுப் பை சாய்வாகத் தைத்திருந்தால் நார்மண்டி வரை போட்ட பழைய ஜம்ப் சூட், அதாவது பாராசூட் வீரர்களின் உடுப்பு. ஹாலந்துக்குப் போகும்போது பெரும்பாலானோருக்குப் புது உடுப்பு வந்துவிட்டது.

படத்தின் கீழ் அச்சடித்திருப்பதை அப்படியே நம்புவது

நார்மண்டியில் குதிக்கப் போகும் வீரர்களோடு நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி ஐசன்ஹோவர் பேசும் படம் உலகப் பிரசித்தம். 1944 ஜூன் 5 மாலை, இங்கிலாந்தின் கிரீன்ஹாம் காமன் விமானத்தளம். முழு வெற்றி தவிர வேறொன்றும் வேண்டாம் என்று அவர் ஆணையிடுவதாக அதன் குறிப்பு சொல்லும். எதிரே நிற்கும் லெப்டினன்ட் வாலஸ் ஸ்ட்ரோபலோ, ஊர் மிச்சிகன் என்றதும் பேச்சு மீன்பிடிப்புக்குப் போனது என்று பின்னாளில் சொன்னார். அவர் கழுத்தில் தொங்கும் 23 என்ற அட்டை அவருடைய விமானத்தின் எண். குறிப்பு சொல்லாத தகவலை அந்தச் சின்ன அட்டை சொல்கிறது.

ஏஐ-யில் போட்டுச் சுத்தம் செய்வது

தோளில் சுரண்டியது போல இருக்கும் இடம் கறையாக இருக்காது, பெரும்பாலும் டிவிஷன் சின்னத்தைத் தணிக்கையில் அழித்த தடம். மென்பொருள் அதை நிரவிவிடும், மங்கிய முகத்துக்குப் பதில் வேறு யாரோ ஒருவரின் முகத்தையும் வரைந்துவிடும். மூலக் கோப்பை டிஃப் (TIFF) வடிவத்தில் தொடாமல் வைத்துவிட்டு, நகலில் என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

அமெரிக்கப் பாராசூட் என்றால் ஆளும் அமெரிக்கர் என்று முடிவு கட்டுவது

கொரியப் போரில், 1951 மார்ச் 23 அன்று, முன்சான்-னியில் அமெரிக்காவின் 187-ஆவது படையோடு சேர்ந்து இந்திய ராணுவ மருத்துவர்களும் குதித்தார்கள். 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸை நடத்தியவர் லெப்டினன்ட் கர்னல் ஆர்க்காடு கோவிந்தராஜ் ரங்கராஜ். அவருக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. 187-ஆவது படைக்காரரின் ஆல்பம் கைக்கு வந்தால், அந்த மார்ச் மாதப் படங்களில் முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

கோப்புக்குத் ‘தாத்தா1’, ‘தாத்தா2’ என்று பெயர் வைப்பது

பக்க எண், பக்கத்தில் படம் இருந்த இடம், முன்பக்கமா பின்பக்கமா. இது போதும்.