வாய்க்கால் கரையில் ஹைட்ரா: முதல் முறை குழாய் இறக்குபவர்களுக்கு

டெல்டாவில் மதகு, சிறுபாலம், வாய்க்கால் வேலையெல்லாம் கோடையில்தான் நெருக்கியடித்து நடக்கும். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கும். அதற்குள் முடித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் ஒரு ஹைட்ராவை (சுமையைத் தூக்கிக்கொண்டே நகரும் சக்கரக் கிரேன்) வாடகைக்குப் பிடித்து, "ரெண்டு மணி நேர வேலைதானே" என்று சைட்டுக்குப் புதிதாக வந்த பையனைப் பக்கத்தில் நிற்க வைத்துவிடுவார்கள். திருவாரூர் பக்கம் நானும் அப்படி நின்றவன்தான். இது அந்தப் பையனுக்காக.

1. எடை

குழாய் எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், "ஒரு டன் இருக்கும் சார்" என்பார்கள். நம்பாதீர்கள். உள்விட்டம் 1 மீட்டர், சுவர் 11.5 செ.மீ., நீளம் 2.5 மீட்டர் என்றால் கான்கிரீட் மட்டுமே ஏறக்குறைய 1 கன மீட்டர். கம்பி கட்டிய கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2.5 டன். ஒரு டன் எங்கே, இரண்டரை டன் எங்கே!

"நம்மது 14 டன் வண்டி, பயப்படாதீங்க தம்பி" என்று ஆப்பரேட்டர் அண்ணன் சொல்லலாம். அந்த 14, சுமை வண்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கும்போது மட்டும்தான். பூமை, அதாவது கிரேனின் நீளும் கையை, நீட்டி, சுமை தள்ளிப் போகப் போகத் திறன் மளமளவென்று குறையும். எந்தத் தூரத்தில் எத்தனை டன் என்பது லோடு சார்ட்டில் இருக்கும். சார்ட் வண்டியில் இல்லையென்றால் தூக்க வேண்டாம்.

2. தரை

நம் ஊரில் கிரேன் கவிழ்ந்தால் நான் முதலில் மண்ணைத்தான் சந்தேகப்படுவேன். இது ஆறு கொண்டுவந்து போட்ட மண். ஏப்ரலில் பாளம் பாளமாக வெடித்துக் கல் மாதிரி கிடக்கும் அதே களி, வாய்க்காலில் தண்ணீர் வந்து ஒரு வாரம் ஊறினால் வேறு மண்ணாகிவிடும். மேல் ஓடு காய்ந்திருக்கும், ஒரு முழம் கீழே சேறு. ஒரு கடப்பாரையை ஊன்றிப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் வண்டியும் இறங்கும்.

ஒருமுறை நான் நின்ற சைட்டில், குழாய் தொங்கிக்கொண்டிருக்கும்போதே ஹைட்ராவின் ஒரு முன்சக்கரம் முக்கால் அடி புதைந்தது. சுமையைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்குத்தான் வரும். குழாய் ஏற்கனவே தரைக்குப் பக்கத்தில் இருந்ததால் சட்டென்று இறக்கிவிட்டோம். முந்தின மாதம் பைப்லைனுக்குத் தோண்டி மூடிய இடம் அது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகவே கேளுங்கள், அதுவும் அந்த ஊர்க்காரரிடம்.

கரை விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்துவது? கெட்டித் தரையில் வாய்க்கால் ஆழத்துக்குச் சமமான தூரமாவது வேண்டும்; கொட்டிய மண்ணில் அதைப்போல் ஒன்றரை மடங்கு. இரண்டு மீட்டர் ஆழமென்றால் மூன்று மீட்டர். அவுட்ரிகர் (பக்கவாட்டில் நீட்டி ஊன்றும் கால்கள்) உள்ள கிரேன் வந்தால் நான்கு காலையும் முழுதாக நீட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் கனமான சிலீப்பர் கட்டைகளைப் பரப்புங்கள். செங்கல், பலகைத் துண்டெல்லாம் கணக்கில் சேராது.

3. தலைக்கு மேலே

வயலுக்குக் குறுக்கே பம்புசெட்டுக்குப் போகும் கம்பி தொய்ந்து தொங்கும். பூம், ஹூக், சுமை எதுவும் 11 கே.வி. கம்பிக்கு 3 மீட்டருக்குள் போகக் கூடாது. முடியாதென்றால் மின்வாரியத்தில் சொல்லி சப்ளையை நிறுத்திய பிறகுதான் வேலை. தப்பித்தவறி உரசிவிட்டால் ஆப்பரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும், மற்றவர்கள் கிட்டே போகவே கூடாது. தீப்பிடித்தால் மட்டும், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து விழும்படி குதித்து, பாதங்களைத் தூக்காமல் தேய்த்தபடி விலக வேண்டும்.

4. பெல்ட்

குழாயைச் சுற்றிக் கட்டி ஹூக்கில் மாட்டும் பட்டைதான் பெல்ட். ஓரம் கிழிந்த, தையல் பிரிந்த, லேபிள் போன பெல்ட்டை அறுத்துப் போடுங்கள். ஓரமாக வைத்தால் நாளைக்கு யாராவது எடுத்துக் கட்டுவார்கள். நிறத்திலும் கணக்கு உண்டு: ஊதா 1 டன், பச்சை 2, மஞ்சள் 3. ஆனாலும் லேபிளைப் படித்துவிட்டே கட்டுங்கள்.

புதியவர்கள் ஏமாறுவது கோணத்தில். 2.5 டன் குழாயை இரண்டு பெல்ட்டில் தூக்கினால் ஆளுக்கு 1.25 டன் என்று தோன்றும். பெல்ட் கிடைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 1.44 டன் இழுவை. 45 டிகிரியில் 1.77, 30 டிகிரியில் முழு 2.5 டன். குட்டை பெல்ட்டை இழுத்துக் கட்டாமல் நீளமானதாக வாங்குங்கள்.

5. காகிதம்

தூக்கும் எந்திரத்தையும் சங்கிலி, கயிற்றையும் ஆண்டுக்கு ஒருமுறையாவது தகுதியுள்ளவர் சோதிக்க வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-ஆம் பிரிவிலேயே வந்துவிட்டது. வாடகை வண்டியானாலும் சான்றிதழ், ஆப்பரேட்டர் லைசென்ஸ் இரண்டையும் பாருங்கள்.

6. தூக்குதல்

சிக்னல் கொடுப்பவர் ஒருவர்தான். ஆனால் 'நிறுத்து' என்பதை டீ கொண்டுவரும் பையன் காட்டினாலும் ஆப்பரேட்டர் நிறுத்த வேண்டும். இதை முதலிலேயே அவரிடம் பேசிவிடுங்கள்.

ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். பெல்ட் நழுவுகிறதா, குழாய் சாய்கிறதா, சக்கரம் அமுங்குகிறதா? சரியாக இருந்தால் மேலே. குழாயைக் கையால் பிடித்துத் திருப்பாமல், ஒரு முனையில் கயிறு கட்டித் தள்ளி நின்று இழுங்கள். சுமையோடு ஹைட்ரா நகரும்போது குழாய் தரையை ஒட்டியே இருக்கட்டும். வண்டிக்கு முன்னால் யாரும் நடக்கக் கூடாது. பூம் மறைப்பதால் ஆப்பரேட்டருக்கு அங்கே ஆள் தெரியாது.

அப்புறம், பள்ளத்தில் கிடக்கும் கொத்தனாரை முதலில் மேலே ஏற்றுங்கள். குழாய் உட்கார்ந்து, உருளாமல் இரண்டு பக்கமும் கட்டை கொடுத்த பிறகு அவர் இறங்கி பெல்ட்டைக் கழற்றட்டும்.